பேராச்சி பேரம் பேசிய கை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்காம் வருஷம் பம்பாயில் இரண்டு பெரிய சம்பவங்கள் நடந்தன. ஏப்ரல் மாதம் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றி வந்த கப்பல் ஒன்று வெடித்தது. நவம்பர் மாதம் தாராவியில், தோல் தரகர் கோமதிநாயகத்தின் வலது கை ஆள்காட்டி விரல் இன்னொருவர் உள்ளங்கையை இரண்டு தடவை சுரண்டியது. முதல் சம்பவத்தைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. சர்க்கார் விசாரணைக் கமிஷன் வைத்தது. இரண்டாவதைப் பற்றி ஒரு துண்டுப் பிரசுரம்கூட வரவில்லை. பத்திரிகைகள் எப்போதும் சத்தம் வந்த பக்கமே திரும்பிப் பார்க்கும்.

இந்த இரண்டாவது சம்பவத்தின் முழுப் பொறுப்பும் கோமதிநாயகத்தின் சம்சாரம் பேராச்சியையே சேரும். வயது, அவள் சொன்னபடி முப்பத்தாறு. ரேஷன் கார்டின்படி நாற்பத்தொன்று. கார்டு எழுதிய குமாஸ்தாவுக்குக் கண் பார்வை சரியில்லை என்பது அவள் கட்சி. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பதினாறாவது வயதில், கல்யாணமான கையோடு ரயிலேறி வந்தவள். தோல் கிடங்கில் அவளுக்கு உப்புப் போடும் வேலை. உரித்த ஆட்டுத்தோலை விரித்து, உள்பக்கம் முழுக்க உப்பை வீசித் தேய்க்க வேண்டும். குறைந்தால் தோல் அழுகும், கூடினால் முறுகும். பேராச்சி வீசினால் குறைந்ததும் இல்லை, கூடினதும் இல்லை. இருபத்தைந்து வருஷத்தில் அவள் கை ஒரு தடவைகூடத் தப்பியதில்லை என்று கிடங்கில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மற்ற எந்த விஷயத்திலும் தான் தப்பியதில்லை என்பதை அவளே ஒப்புக்கொண்டாள். ஒரு சமயம் முலுண்டில் இறங்க வேண்டியவள் ரயிலில் அசந்துபோய்க் கல்யாண் வரைக்கும் போய்விட்டாள். திரும்பி வந்து, "கல்யாண் ஸ்டேசன் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வரலாம்னுதான் போனேன்" என்றாள். இன்றுவரை அதுதான் அதிகாரபூர்வமான வரலாறு.

கோமதிநாயகத்தின் பெருமையெல்லாம் அவருடைய வலது கையில் இருந்தது. தோல் வியாபாரத்தில் விலையை வாயால் பேசுவது அநாகரிகம். விற்கிறவரும் வாங்க வந்த தரகரும் எதிரெதிரே உட்கார்ந்து, இருவருடைய வலது கையையும் ஒரே துண்டால் மூடிக்கொள்வார்கள். வாய் மழையைப் பற்றியும் மாப்பிள்ளையைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். துண்டுக்குள்ளே விரல்கள் வியாபாரம் பேசும். எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அத்தனை; எண்ணிக்கை பேசினால் அத்தனை நூறு தோல், விலை பேசினால் அத்தனை ரூபாய். பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தினால் 'முடிந்தது'. ஆள்காட்டி விரலால் உள்ளங்கையை இரண்டு தடவை சுரண்டினால் 'ஆகாது'. சுற்றி நிற்கிறவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும் தெரியும். பத்திரம், சாட்சி, ரசீது ஒன்றும் கிடையாது. துண்டுக்குள் கை சொன்னால் சொன்னதுதான். இந்தப் பாஷையில் கோமதிநாயகம் மகா வித்துவான். அவர் கை நுழைந்த துண்டு கன்றுக்குட்டி மாதிரித் துள்ளும் என்று சொல்வார்கள். துண்டுக்குள் இலக்கணப் பிழை செய்யாத மனிதர், வெளியே வந்து வாயைத் திறந்தால் ஒரு வார்த்தை உருப்படியாகப் பேசமாட்டார் என்பது வேறு விஷயம்.

கப்பல் வெடித்த அன்று தாராவியில் தகரக் கூரைகள் அதிர்ந்தன. கோமதிநாயகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலை குழாயடியில்தான் ஆயிற்று. பக்கத்து அறைக்காரர் பூலோகமும் தோல் தரகர்தான். அவர் தன் குடத்தை வரிசையில் ஒரு சாண் முன்னால் தள்ளினார். கோமதிநாயகம் வலது கையை ஓங்கி, "ஏலே பூலோகம், ஒன்ன…" என்று ஆரம்பித்தார். ஓங்கிய கை முதலில் விழுந்தது. பின்னாலேயே அவரும் விழுந்தார்.

பிற்காலத்தில் கோமதிநாயகம் இந்த வரலாற்றைத் திருத்தி எழுதினார். கப்பல் வெடித்த அதிர்ச்சியில் விழுந்த கை என்றே எல்லோரிடமும் சொன்னார். ஒரு மனிதனுக்குப் பக்கவாதம் வரக் கப்பல் காரணமாக இருப்பது கௌரவம். பூலோகத்தின் பித்தளைக் குடம் காரணமாக இருப்பது என்ன கௌரவம்?

கைவண்டியில் படுக்கவைத்து மாதுங்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டர் சுந்தரராமன், பாலக்காட்டுக்காரர், கையைத் தூக்கிப் பார்த்தார், விட்டுப் பார்த்தார், ஊசியால் குத்திப் பார்த்தார்.

"இதோ பாரும்மா. கையிலே ஒரு கோளாறும் இல்லை. எலும்பு, சதை எல்லாம் நன்னா இருக்கு. தலையிலே ரத்தம் அடைச்சதிலே, அசையறது எப்படிங்கறதே கைக்கு மறந்துபோயிடுத்து. புரியறதா?"

"கைக்கு மறந்துபோச்சு" என்றாள் பேராச்சி.

"அதேதான். தினம் எண்ணெய் தடவு. தூக்கித் தூக்கி இறக்கு. வர்றதானா வரும்."

"வரலைன்னா?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வைத்திய சாஸ்திரத்தில் அந்தக் கேள்விக்கு அதுதான் பதில்.

வாய் பத்தே நாளில் திரும்பி வந்துவிட்டது. அது கொஞ்சம் தாமதமாக வந்திருக்கலாம் என்று அக்கம்பக்கத்தில் அபிப்பிராயம். கால் இரண்டு மாதத்தில் வந்தது. கை மட்டும் வரவில்லை. பேராச்சி தினம் எண்ணெய் தடவித் தூக்கினாள். மரக்கட்டை மாதிரி ஏறியது. இறக்கினாள், மரக்கட்டை மாதிரி இறங்கியது. தன் பங்குக்கு அவள் அந்தக் கையை, "செத்த மூதி, திங்கதுக்கு மட்டும் வந்த" என்று வைதும் பார்த்தாள். அதற்கும் அசைவில்லை.

ஆடி மாதத்து அடைமழையில் ரஹ்மத்துல்லா சாயபு குடை பிடித்துக்கொண்டு பார்க்க வந்தார். ஆம்பூர்க்காரர், பச்சைத் தோல் வியாபாரி. இருபது வருஷமாகக் கோமதிநாயகத்தின் எதிரே உட்கார்ந்து துண்டு போட்டவர். டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்தார். மழையைப் பற்றிப் பேசினார். பேசிக்கொண்டே, பழக்க தோஷமோ பாசமோ, தோள் துண்டை எடுத்து அந்தச் செத்த கையின்மேல் போட்டு, உள்ளே தன் கையை விட்டார். மடங்கிக் கிடந்த விரல்களை மெல்லப் பிரித்துத் தன் மூன்று விரலை நடுவே வைத்தார்.

கை வெடுக்கென்று மூடிக்கொண்டது. மூன்று விரலையும் பிடித்து, மேலே கட்டைவிரல் அழுத்தியது.

சாயபுவின் முகம் ஒரு கணம் மாறியது. ஆனால் துண்டுக்குள் நடந்ததை வெளியே சொல்வது தொழில் தர்மம் அல்ல. விரல்களை உருவிக்கொண்டு, டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை முந்நூறு ஆட்டுத்தோல் ஏற்றிய மாட்டுவண்டி சந்து வாசலில் வந்து நின்றது. மழையில் நனைந்த முந்நூறு தோலின் வாசனையைப் பற்றி இங்கே விவரிக்கப் போவதில்லை. சாப்பிட்டுவிட்டுப் படிக்கிறவர்களும் உண்டு. பின்னாலேயே சாயபு வந்தார்.

"யாரு பாய் கேட்டது?" என்று அலறினார் கோமதிநாயகம்.

"உன் கைதானே கேட்டுச்சு? முந்நூறு, முடிஞ்சதுன்னு கட்டைவிரலை அழுத்தலை?"

"என் கையா? அது செத்து மூணு மாசம் ஆச்சே!"

"துண்டுக்குள்ள வந்த கையைப் பார்த்து, நீ உசிரோட இருக்கியா செத்துட்டியான்னு நான் எப்படிப்பா கேக்கறது? மரியாதையா இருக்குமா?"

சாயபு பெரிய மனிதர். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஆனால் பூலோகம் விழுந்து விழுந்து சிரித்த சிரிப்பு சந்தைவரைக்கும் போய்ச் சேர்ந்தது. துண்டுக்குள் சொன்ன சொல்லை ஒரு தரகர் திருப்பி வாங்கிக்கொள்வதா? தரகர்களுக்கெல்லாம் மூத்தவர் ஆறுமுகநயினார். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: கோமதிநாயகத்தின் கை இனிமேல் 'சொல் இல்லாத கை'. அது துண்டுக்குள் வரக்கூடாது. பக்ரீத் மறுநாள் வருஷத்திலேயே பெரிய தோல் சந்தை. அன்றைக்கு வந்து தன் சொல்லை நிரூபித்தால் ஆயிற்று. இல்லையென்றால் சந்தையில் அவர் உட்காரும் இடம் பூலோகத்துக்கு.

கோமதிநாயகம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். கை போனபோது அழாதவர், கையின் சொல் போனதற்கு அழுதார்.

பேராச்சி அழவில்லை. அவள் வேறு கணக்கில் இருந்தாள்.

"ஏங்க, மூணு மாசமா எண்ணெயத் தடவுதேன், அசையல. சாயபு துண்டப் போட்டாரு, மூணு வெரலப் புடிச்சிட்டுல்லா?"

"அது வாதம்ளா. தானாப் புடிச்சது."

"தானாப் புடிச்சதுன்னா சுவத்தப் புடிச்சிருக்கணும், படுத்துக் கெடந்த பாயப் புடிச்சிருக்கணும். துண்டுக்குள்ள போனதும்லா புடிச்சிருக்கு. டாக்டரய்யா என்ன சொன்னாரு? கைக்கு மறந்துபோச்சுன்னாரு. மறந்தவங்கிட்ட அவனுக்குத் தெரிஞ்ச பாசையிலதான பேசணும்? நாம மூணு மாசமா எண்ணெயில பேசியிருக்கோம்."

"ஏளா, கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? பொம்பளைக்குத் துண்டுப் பாசையச் சொல்லிக்குடுத்தேன்னு தெரிஞ்சா, இருக்கிற இடது கையையும் ஒடிச்சிருவானுவ."

"நீங்க ஒண்ணும் சொல்லித்தர வேண்டாம். எனக்குத் தெரியும்."

கோமதிநாயகம் எழுந்து உட்கார்ந்தார். "எப்படித் தெரியும்?"

"இருபத்தஞ்சு வருசமா ஒறக்கத்துல என் வெரலப் புடிச்சிக்கிட்டுல்லா யாவாரம் பேசுதிய! எத்தன நாளு எங்கிட்ட ஐநூறு தோலுக்கு முடிச்சிருக்கிய! நான் 'ஆவாது'ன்னு உள்ளங்கையச் சுரண்டுனாத்தான் கைய விடுவிய."

தொழில் ரகசியத்தைக் காப்பாற்றுவதற்காகப் கூடப்பிறந்த தம்பியிடம்கூடப் பேசாதிருந்த மனிதர் வாயடைத்துப் போனார். பக்கவாதம் அவருடைய வாயைப் பத்து நாள் கட்டிப்போட்டது. பேராச்சியின் இந்தத் தகவல் இரண்டு நாள்தான் கட்டிப்போட்டது. ஆனால் இரண்டாவதுதான் பலமான அடி.

மூன்றாம் நாளிலிருந்து சாப்பாடு துண்டுக்குள் போயிற்று. ரேஷனில் அரிசி அளந்து, கம்பு தாராளமாகக் கொடுத்த காலம். பேராச்சி கம்பு ரொட்டியைத் தட்டி அடுக்கிவைத்து, எதிரே உட்கார்ந்து, துண்டைப் போட்டுக் கையை உள்ளே விடுவாள். எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அத்தனை ரொட்டி. வாயால் கேட்டால் கிடையாது. இடது கையை நீட்டினால் கரண்டியால் ஒரு தட்டு. முதல் நாள் கை எதையும் பிடிக்கவில்லை. அன்று அவருக்கு மோர்தான். இரண்டாம் நாளும் மோர். மூன்றாம் நாள் சுண்டுவிரலை லேசாக ஏதோ உரசியது. பேராச்சி அதைக் கால் ரொட்டியாக எடுத்துக்கொண்டாள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் கை இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. அசைத்துவிட்டதாக நினைத்தால் அசைந்திருக்காது. அசைந்திருந்தால் அவருக்குத் தெரியாது. "அசைச்சேன்ளா!" என்பார். "பொய் சொல்லாதிய" என்பாள். துண்டு மூடியிருப்பதால் இருவருக்கும் நிரூபணம் இல்லை. ஒரு பகல் முழுக்க இந்த வழக்கு நடந்தபின், பேராச்சி கிடங்குக்குப் போய், வெட்டுக்கு வந்த ஆட்டின் கழுத்துமணி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து அவருடைய மணிக்கட்டில் கட்டினாள்.

"இனிமே நீங்களும் சொல்லவேண்டாம், நானும் சொல்லவேண்டாம். மணி சொல்லட்டும்."

மணி மகா நேர்மையான ஜீவன். நூல் அளவு அசைந்தாலும் 'கிண்' என்று சொன்னது. அசையாவிட்டால், அவர் முகம் சிவக்க முக்கினாலும் வாயைத் திறக்கவில்லை. கோமதிநாயகம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எப்படி முயன்றால் மணி அடிக்கிறது, எப்படி முயன்றால் அடிக்கவில்லை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட ஆரம்பித்தது. தொலைந்துபோன கையை அவர் காதால் தேடிக் கண்டுபிடித்தார் என்றுதான் சொல்லவேண்டும். வரிசையிலிருந்த பதினான்கு அறைகளும் கூடவே காதைக் கொடுத்தன. குழாயடியில், "அண்ணாச்சிக்கு இன்னைக்கு ஒம்பது மணி அடிச்சிருக்கு, நேத்து ஆறுதான்" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். தன் வீட்டுப் பக்கத்தில் கோயிலும் இல்லாமல் பள்ளிக்கூடமும் இல்லாமல் ஓயாமல் மணி அடிக்கிறது என்று பூலோகம் மட்டும் வருத்தப்பட்டார்.

மத்தியானங்களில் தோல் பரீட்சை. உப்புப் போட்ட முடித்தோல், சுண்ணாம்பில் ஊறி முடி உதிர்ந்த தோல், பதனிட்ட தோல் என்று மூன்று துண்டு கொண்டுவந்து, அவர் கண்ணைக் கட்டிவிட்டு, அந்த விரல்களின் கீழே ஒவ்வொன்றாக வைத்து இழுப்பாள்.

"இது என்னது?"

"கட்டை."

"இது?"

"அதுவும் கட்டை."

"பிறந்ததுலேர்ந்து தோலத் தடவுன கை, ஆட்டுக்கும் கட்டைக்கும் வித்தியாசம் தெரியலையாக்கும்? வெளிய சொல்லிராதிய, பூலோகம் அண்ணாச்சி கடா வெட்டிப் பொங்கல் வைப்பாரு."

இந்த அவமானம் தாங்காமல்தானோ என்னவோ, ஆவணி முடிவில் ஒரு நாள் கோமதிநாயகம், "நில்லுளா… இது சுண்ணாம்புத் தோலு. வழுக்குது" என்றார். பேராச்சி கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். அவர் கண்ணில் தண்ணீர். "சுண்ணாம்பு கண்ணுல பட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

புரட்டாசியில் அவருடைய கை நாலு ரொட்டி வாங்கிச் சாப்பிட்டது. ஆனால் புதிய வில்லங்கம் ஒன்று முளைத்தது. கைக்குப் பிடிக்கத் தெரிந்துவிட்டது, விடத் தெரியவில்லை. பிடித்தால் பிடித்ததுதான். ஒரு காலை பேராச்சியின் நாலு விரலைப் பிடித்த கை அரைமணி நேரம் விடவில்லை. குழாயில் தண்ணீர் வரும் நேரம். வெளியே குடங்கள் நகரும் சத்தம் கேட்கிறது. உள்ளே புருஷனும் பெண்டாட்டியும் துண்டைப் போட்டுக் கை கோத்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

"விடுங்க, தண்ணி போயிரும்!"

"நானா புடிச்சிருக்கேன்? அதுல்லா புடிச்சிருக்கு!"

எதிர் அறை இசக்கியம்மாள் தீப்பெட்டி கேட்க வந்தவள், இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு நாணத்தோடு திரும்பிப் போனாள். பக்கவாதம் வந்தபின் அந்தத் தம்பதியின் அன்னியோன்னியம் கூடிவிட்டதாக அன்று சாயங்காலமே செய்தி பரவியது.

பேராச்சி யோசித்தாள். பிடிக்கிற கையை நம்பிச் சந்தைக்குப் போக முடியாது. அன்றைக்கு முந்நூறு தோலைப் பிடித்த அதே பிடிதான் இது என்று பூலோகம் சொல்லுவார். கை 'ஆகாது' என்று சொல்லவேண்டும். விரல் பிரிந்து, ஆள்காட்டி விரல் மட்டும் நீண்டு, இரண்டு தடவை சுரண்ட வேண்டும். ஆனால் கம்பு ரொட்டிக்கு யார் 'ஆகாது' என்பார்கள்? பசித்தவனுக்கு மறுக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி?

அப்போதுதான் அவள் இல்லற சரித்திரத்தில் கேட்டறியாத ஒரு காரியத்தைச் செய்தாள். வேண்டுமென்றே மட்டமாகச் சமைக்க ஆரம்பித்தாள். பாகற்காயை வேகவிடாமல் புளியும் போடாமல் குழம்பாக்கினாள். உப்பில் தப்பாத கை, உப்பே போடாமல் கூழ் காய்ச்சியது. துண்டைப் போட்டு, "இந்தக் கொழம்புல எத்தன கரண்டி?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். சுரண்டினால் உள்ளே மூடிவைத்திருக்கும் கருவாட்டுக் குழம்பு வரும், சுரண்டாவிட்டால் பாகற்காய்தான். கருவாட்டின் வாசனையோ அறை முழுக்க. புருஷன் தன் சமையலை வேண்டாம் என்று சொல்லமாட்டானா என்று ஏங்கிச் சமைத்த மனைவி அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். பதினெட்டு நாள் கோமதிநாயகம் பாகற்காய் சாப்பிட்டார். பத்தொன்பதாம் நாள் மணி தீனமாக ஒரு தடவை 'கிண்' என்றது. அவள் உள்ளங்கையில் நகம் பட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'கிண்'.

அன்று கருவாட்டுக் குழம்பை அவர் வலது கையாலேயே சாப்பிட்டார். பாதி சட்டைமேல் போயிற்று. சட்டை துவைக்கிறவள் முகம் சுளிக்கவில்லை.

டாக்டர் சுந்தரராமனிடம் போய்க் காட்டினார்கள். இந்தத் தடவை கைவண்டி இல்லை. மாதுங்காவுக்கு நடந்தே போனார்கள். டாக்டர் மணியைத் தொட்டுப் பார்த்தார், துண்டுக்குள் தன் கையை விட்டுப் பார்த்தார், சுரண்டலை வாங்கிக்கொண்டார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இப்படி ஒரு வைத்தியம் நான் எந்தப் புஸ்தகத்திலேயும் படிச்சதில்லையே!"

"புஸ்தகம் எழுதுனவுகளுக்குக் கை விழுந்திருக்காது டாக்டரய்யா. அதாம்லா எழுத முடிஞ்சிருக்கு."

"அதுவும் வாஸ்தவம்தான். இதுக்கு என்னம்மா பேரு?"

"பேரம்."

டாக்டர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். லத்தீன் வார்த்தை மாதிரி இருந்ததால் அடிக்கோடும் போட்டார்.

பாக்கி இருந்தது மணி. மணி அடிக்கும் கையோடு சந்தையில் துண்டு போட முடியாது. நாலு விரல் பிடித்தால் நாலு மணி கேட்கும், ரகசியம் தாராவி முழுக்கத் தெரியும். ஐப்பசியிலிருந்து பேராச்சி மணியின் நாக்கில் கந்தலைச் சுற்றினாள். வாரத்துக்கு ஒரு சுற்று. 'கிண்' என்றது 'டக்' ஆயிற்று. 'டக்' என்றது பக்கத்துத் தெரு ஆட்டின் கழுத்துமணி போலத் தேய்ந்தது. கடைசியில் காதுக்கு ஒன்றும் கேட்காமல் மணிக்கட்டில் ஓர் அதிர்வு மட்டும் மிஞ்சியது. பக்ரீத் மறுநாள் காலை அதையும் அவிழ்த்துவிட்டாள்.

கோமதிநாயகத்தின் முகம் வெளுத்தது. "ஏளா, மணி இல்லாம கை எங்கன இருக்குன்னே தெரியலளா. வேண்டாம். பூலோகமே இருந்துட்டுப் போவட்டும்."

"ஒங்க கை எங்கயும் ஓடிப்போவல. துண்டுக்குள்ள போனா வந்துரும். கெளம்புங்க."

சந்தை மைதானத்தில் தோல்கள் அம்பாரம் அம்பாரமாகக் குவிந்திருந்தன. பெண்கள் துண்டுப் பேரத்தின் பக்கத்தில் வரக்கூடாது என்பது வழக்கம். ஆனால் குவிந்த தோலுக்கு உப்புப் போடாமல் விட்டால் மதியத்துக்குள் நாறும் என்பது வழக்கத்தைவிடப் பழைய சட்டம். பேராச்சி உப்புக் கூடையோடு பத்தடி தூரத்தில் ஒரு குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

ஆறுமுகநயினார் முக்காலியில் அமர்ந்தார். சாயபுவும் கோமதிநாயகமும் எதிரெதிரே. துண்டு விழுந்தது.

"ஆம்பூர்ல மழையா பாய்?"

"மழைதான்."

துண்டு அசையவில்லை.

"கோதுமை வந்திருக்குன்னாவ ரேசன்ல?"

"வந்திருக்குன்னுதான் சொல்றாங்க."

துண்டு அசையவில்லை. பூலோகம் தொண்டையைச் செருமிக்கொண்டார். கோமதிநாயகத்தின் நெற்றியில் வியர்வை ஓடியது. அவர் காது மணியைத் தேடியது. மணி பேராச்சியின் முந்தானை முடிச்சில் கிடந்தது. சாயபு துண்டுக்குள் தன் நாலு விரலை அந்தக் கைமேல் மெல்ல வைத்து அழுத்தினார். ஈரமான, உப்பு ஏறிய, இருபது வருஷப் பழக்கமான விரல்கள். கை அவற்றை அடையாளம் கண்டுகொண்டது. துண்டு குபுக்கென்று எழும்பிச் சுருண்டது. நாலு விரலும் பிடியில்.

"பாத்தியளா!" என்று கத்தினார் பூலோகம். "வாதம் புடிச்சிட்டு! அன்னைக்குப் புடிச்ச அதே புடி. இனி பாய் வெரல அறுத்துத்தான் எடுக்கணும்."

எல்லோரும் சாயபுவின் முகத்தைப் பார்த்தார்கள். பேராச்சி யாரையும் பார்க்கவில்லை. கையிலிருந்த உப்பை வீசினாள், மறுபடி அள்ளி வீசினாள், மறுபடியும் அதே தோலில் அதே இடத்தில் வீசினாள். 'விடுங்க' என்று அவள் உதடு சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

துண்டு தாழ்ந்தது. உள்ளே ஏதோ ஒன்று பிரிவது தெரிந்தது, பிறகு இன்னொன்று. பிறகு துண்டின் நடுவில் சின்னதாக ஒரு நெளிவு. ஒரு மூச்சு நேரம் ஒன்றும் இல்லை. பிறகு இன்னொரு நெளிவு.

சாயபு துள்ளி எழுந்துவிட்டார். "வேணாங்குறான்யா! கோமதி வேணாங்குறான்! நாலுக்கு ஆகாதாம்!"

துண்டுக்குள் நடந்ததை ஒரு வியாபாரி சந்தையில் கூவிச் சொன்னது அதுவே முதல் தடவை. தன் விலையை மறுத்ததற்காக ஒரு வியாபாரி ஆனந்தக் கூத்தாடியதும் அதுவே முதல் தடவை.

ஆறுமுகநயினார் வெற்றிலையைத் துப்பினார். "பூலோகம், புடிக்கதுக்கு வாதம் போதும்வே. வேண்டாம்னு விடுததுக்கு உள்ள ஒரு ஆளு வேணும்லா? கைக்குச் சொல்லு இருக்கு. அவன் எடத்துல அவனே உக்காரட்டும்."

மறுபடி துண்டு விழுந்தது. இந்தத் தடவை மூன்று விரல், மேலே கட்டைவிரல். முடிந்தது. கன்றுக்குட்டி அளவுக்குத் துள்ளவில்லை; ஒரு கிழட்டு ஆட்டின் அளவுக்குத் துள்ளியது. அது போதும்.

சாயங்காலம் கிடங்குக் கணக்குப்பிள்ளை ஒரு தோலைத் தூக்கிக்கொண்டு வந்தார். நடுவில் உப்பு மலை மாதிரிக் கட்டிப்போய், தோல் அட்டையாக முறுகியிருந்தது. "என்ன பேராச்சி, இருபத்தஞ்சு வருஷத்துல முதல் தடவையா கை தப்பிடுச்சே!"

"தப்பல" என்றாள் பேராச்சி. "அந்தத் தோலுக்கு அவ்வளவு உப்பு வேண்டியிருந்தது."

அதுவும் அதிகாரபூர்வமான வரலாற்றில் சேர்ந்துகொண்டது.

குழாயடியில் கோமதிநாயகம் கூட்டம் சேர்த்து, கப்பல் வெடித்ததையும், அந்த அதிர்ச்சியையும், தாம் மனோபலம் ஒன்றாலேயே கையை மீட்ட விதத்தையும் விஸ்தாரமாக எடுத்துரைத்தார். பேராச்சியின் பெயர் அந்த உபந்நியாசத்தில் ஒரே ஒரு இடத்தில், பாகற்காயை ஒட்டி வந்தது. பூலோகம் தன் குடத்தை ஒரு சாண் பின்னால் இழுத்துக்கொண்டார். பேராச்சி தலையை நிமிர்த்திக்கொண்டு, அந்த இடைவெளியில் தன் குடத்தை வைத்தாள்.

வீட்டில் தட்டு வைத்தாள். மனோபலக்காரர் உட்கார்ந்தார். எட்டிப் பார்த்தார். வாங்கிவந்த பாகற்காய் மிச்சம் இருந்தது. அதை வீணாக்குகிறவள் அல்ல பேராச்சி. அவர் மிகுந்த கம்பீரத்தோடு துண்டை எடுத்துப் போட்டு, அவள் கையை உள்ளே இழுத்து, அழுத்தமாக, பிழையில்லாமல், இரண்டு தடவை சுரண்டினார்.

பேராச்சி அதை முழுசாக வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்லை. பிறகு துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கரண்டி ஊற்றினாள்.

"ஒங்க கைக்குச் சொல்லு இருக்குன்னு நயினாரு தீர்ப்புச் சொன்னது சந்தைக்குத்தான். சாப்பிடுங்க."

கோமதிநாயகம் சாப்பிட்டார். வலது கையால்.